அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா?

வாடகைக்கு வீடு விடுகிற எவரும் என்றாவது ஒரு நாள் கேட்டே தீர வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: "இந்த மாசம் மட்டும் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்களேன்." இதற்கு வீட்டுக்காரர்கள் அனைவரிடமும் ஒரே பதில்தான் உண்டு. அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு. அட்வான்ஸைப் பற்றிக் காலி செய்கிற அன்று பேசிக்கொள்ளலாம். வேலூர் வேலப்பாடியில் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் படியேறிக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். என் அப்பாவும் இதையே சொன்னார். அவருக்குப் பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நானும் யோசிக்காமல் இதையே சொல்லிவந்தேன். ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஏதோ ஒன்று உறுத்தியது. கேட்டவர்கள் யாரும் எங்கள் பணத்தைக் கேட்கவில்லை. தங்கள் பணத்தைத்தான் கேட்டார்கள். பிறகு ஏன் கேட்பவர் தலைகுனிந்து நிற்கிறார், வைத்திருப்பவர் நிமிர்ந்து மறுக்கிறார் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

எங்கள் வீடு மூன்று போர்ஷன்கள் கொண்டது. கீழே இரண்டு படுக்கையறைகளோடு ஒரு வீடு. அதில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற ஒருவரின் குடும்பம் பல ஆண்டுகளாக இருக்கிறது. மேலே ஒற்றைப் படுக்கையறையோடு இரண்டு சிறிய போர்ஷன்கள். அவற்றில் ஒன்றுக்குப் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். மற்றொன்றுக்கு, பாகாயம் காட்பாடி டவுன் பஸ் வாசலிலேயே போவதால், சி.எம்.சி. மருத்துவமனைக்கு நீண்ட நாள் சிகிச்சைக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்கள் வருவார்கள். நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். வீட்டில் பாதிப் பங்கு பெங்களூரில் இருக்கும் என் தம்பிக்கு உரியது. குழாய் ஒழுகினாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் போன் எனக்குத்தான் வரும்.

அப்பாவின் நோட்டு

அப்பா வரவு செலவை ஒழுங்காக எழுதிவைக்கிற மனிதர். அரசு அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர் என்பதால் வீட்டுக்கென்று தனி நோட்டே வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு குடித்தனக்காரர் வந்தபோதும் வாங்கிய அட்வான்ஸ், வரவுப் பத்தியில் தேதியோடு எழுதப்பட்டிருக்கும். அதற்கு நேர் எதிரே செலவுப் பத்தியில் அந்தப் பணம் போன வழியும் இருக்கும்: மாடிப்படிக்குக் கைப்பிடி, போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தியது, என் தம்பியின் கல்லூரிக் கட்டணம். ஒருவர் காலி செய்தால் அவருக்குத் திருப்பிக் கொடுத்த தொகையும், புதிதாக வந்தவரிடம் வாங்கிய தொகையும் அநேகமாக ஒரே வாரத்தில் இருக்கும். அதாவது புதியவர் கொடுத்த பணம்தான் பழையவருக்குப் போனது. புதியவர் கிடைக்காத மாதங்களில், "அடுத்த பார்ட்டி வந்ததும் தருகிறேன்" என்று அப்பா சொல்லியிருப்பார். அந்த மாதங்களில் நோட்டில் ஒன்றும் எழுதப்பட்டிருக்காது.

இதில் அப்பாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் யாருடைய பணத்தையும் திருப்பித் தராமல் இருந்ததில்லை. அக்காலத்தில் வீட்டுக் கடன் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. சம்பளக்காரர் ஒருவர் மாடி கட்ட வேண்டுமென்றால் குடித்தனக்காரரின் அட்வான்ஸே முதல். ஊரில் பாதி மாடிகள் இப்படித்தான் எழுந்தன. போக்கியத்துக்கு விடுவதும் இதன் இன்னொரு வடிவம்தான்: மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகையே இல்லாமல் குடிவைத்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பித் தருவது. போக்கியத்தில் குறைந்தபட்சம் இரு தரப்புக்கும் அது கடன் என்று தெரியும். அட்வான்ஸ் என்ற பேரில் வாங்கும்போது, அது கடன் என்பதைக் கொடுப்பவர் மட்டுமே உணர்கிறார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கீழ் வீட்டுக்கு மாத வாடகை 9,000 ரூபாய். பழைய வழக்கப்படி 10 மாத அட்வான்ஸ் என்றால் 90,000 ரூபாய். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவரிடம் அவ்வளவு ரொக்கம் இருக்காது. மனைவியின் நகையை வைத்துத்தான் புரட்டுவார். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் 10,800 ரூபாய் ஆகிறது. மாதத்துக்கு 900. வாடகையில் பத்தில் ஒரு பங்கைக் குடியிருப்பவர் கூடுதலாகக் கட்டுகிறார். அந்தப் பணம் வீட்டுக்காரருக்கும் வருவதில்லை, அடகுக் கடைக்குப் போகிறது. நாம் வாடகையை 9,000 என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவரைப் பொறுத்தவரை அது 9,900.

சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி எல்லா வாடகை ஒப்பந்தங்களும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நம் ஊரில் இன்னும் 11 மாதப் பத்திரமே புழங்குகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து தப்பிக்க வந்த வழக்கம் அது. புதிய சட்டத்துக்கு மாதக் கணக்கு ஒரு பொருட்டல்ல. இணையத்திலேயே பதிவு செய்துவிடலாம். நான் செய்திருக்கிறேன், பெரிய தொல்லை எதுவும் இல்லை.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய என்று ஒரு விலக்கும் கூடவே இருக்கிறது. இந்த விலக்குதான் விதியை விழுங்கிவிட்டது. பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீடு தேடுகிற ஒருவர், 10 மாதம் கேட்டால் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் பலர் கேள்விப்பட்டதே இல்லை. "அடுத்த பார்ட்டி வந்ததும்" என்பதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது.

கழிப்பதிலும் வழக்கம் ஒன்றாகவும் சட்டம் வேறாகவும் இருக்கின்றன. பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது இங்கே எழுதாத விதி. ஆனால் அந்தச் சட்டத்தின் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சன்னல்களுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைக்கிறது. குழாய்ப் பாதையை மாற்றுவதும், மின் ஒயரிங்கைச் சரிபார்ப்பதும் அப்படியே. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழிவறைப் பழுது போன்ற அன்றாடச் சில்லறைகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை.

இதில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டத்தோடு உடன்பாடில்லை. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. மேல் போர்ஷன் குளியலறைக் குழாயை ஒரு முறை நானே கழற்றிப் பார்த்தேன். திருகின் மரையெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இறுகிப்போய், வாஷரின் ரப்பர் பாதி அரித்துத் தின்னப்பட்டு, உட்புறத்தில் பித்தளை பச்சையாகக் கசிந்திருந்தது. ஆண்டுதோறும் இதே கதைதான். மாநகராட்சித் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும்; அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் போர்வெல்லைத் திறந்தாக வேண்டும். இந்தத் தண்ணீர் தின்கிற குழாய்க்குக் குடியிருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்? குழாய் மாற்றும் செலவை நான் யாரிடமும் கேட்பதில்லை.

வீட்டுக்காரர்களின் பயம்

இவ்வளவும் தெரிந்தும் ஏன் எல்லோரும் பெரிய அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். எங்கள் தெருவிலேயே கணவரை இழந்த ஓர் அம்மா, மேல் வீட்டை ஒருவருக்கு விட்டிருந்தார். அந்த வாடகைதான் அவருக்கு வருமானம். குடிவந்தவர் சில மாதம் ஒழுங்காகக் கொடுத்தார். பிறகு, "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தார். அந்த அம்மாவும் இரக்கப்பட்டு விட்டார். அட்வான்ஸ் முழுவதும் கரைந்த பிறகும் அவர் காலி செய்யவில்லை. மின்கட்டணம் பாக்கி, தண்ணீர்த் தொட்டி உடைந்தது, சமையலறைக் கதவு ஒன்று கீலோடு பெயர்ந்து கிடந்தது. சட்டப்படி இரண்டு மாத வாடகை பாக்கியே வெளியேற்றக் கோருவதற்குப் போதுமான காரணம். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் வாரம் தவறாமல் வழக்கறிஞரைப் போய்ப் பார்க்கத் தெம்பும் துணையும் இருக்கிறவர்களுக்கு உள்ள வழி அது. அந்த அம்மா கடைசியில் உறவினர்களை வைத்துப் பேசி, வர வேண்டிய பாக்கியை விட்டுக்கொடுத்து, போனால் போதும் என்று அனுப்பிவைத்தார். மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தி விரட்டுங்கள் என்று அவருக்கு யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்று நல்ல வேளையாக யாரோ எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அட்வான்ஸ் என்பது தேவையற்றது என்று நான் சொல்லவே மாட்டேன். எவ்வளவு, எதற்காக, யாருடையதாக என்ற மூன்றையும்தான் கேட்கிறேன்.

இதற்கிடையே என் தம்பி இன்னொரு யோசனையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். மேல் போர்ஷனை நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது அவன் வாதம். "அக்கா, நாளைக்கு 500 ரூபாய்ன்னா மாசம் 15,000. நீ 6,000க்கு விட்டுட்டு அட்வான்ஸைப் பத்தி மண்டையை உடைச்சுக்கிற." காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கமெல்லாம் அப்படித்தான் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் நாள் வாடகைக்கு விட்டால் அது வீடாக இருக்காது, தங்கும் விடுதியாகிவிடும். மின்சாரத்துக்கும் சொத்து வரிக்கும் வீட்டுக்கான விகிதத்தில் கட்டிக்கொண்டு விடுதி நடத்துவது முறையில்லை. ஆள் பிடித்துவரும் ஆட்டோக்காரருக்குக் கமிஷன், படுக்கை விரிப்புச் சலவை, காலியாகக் கிடக்கும் நாட்கள் எல்லாம் போனால் அந்த 15,000 நிற்காது. வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களைத் தங்கவைத்தால், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டால் அது சாதாரண விஷயமல்ல. சி.எம்.சி.யின் சில துறைகள் 2022க்குப் பிறகு ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டதால் கூட்டமும் முன்புபோல் ஒரே இடத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று மருத்துவரே சொல்ல முடியாத ஒருவரிடம் ஒவ்வொரு காலையும் 500 ரூபாய் கேட்டு நிற்க எனக்கு மனமில்லை. மாத வாடகைதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன்.

மேல் போர்ஷனில் ஒரு மாலை

சென்ற ஆண்டு அந்தப் போர்ஷனுக்கு மேற்கு வங்கத்தின் பாங்குராப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ரத்தம் சார்ந்த ஒரு நோய். இரண்டு மாத சிகிச்சை என்று சொல்லியிருந்தார்கள். வாடகை 6,000, அட்வான்ஸாக இரண்டு மாத வாடகை, 12,000 ரூபாய். ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, சில பாத்திரங்கள், ஒரு மேசை மின்விசிறி ஆகியவை நாங்கள் கொடுத்தவை. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வந்த சில வாரங்களில் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

மூன்றாம் மாத வாடகை வாங்கப் போயிருந்தபோது, என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்தாள். அட்டை கிழிந்து, நெய்க்கறை படிந்த கணக்கு நோட்டு. எழுத்தெல்லாம் வங்காளி, எண்கள் மட்டும் நமக்குப் புரிகிறவை. இடப் பக்கத்தில் செலவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுச் சொன்னாள்: ரத்தப் பரிசோதனை, மருந்து, ஆட்டோ, அரிசி, மீன் ஒரே ஒரு நாள், எங்கள் வாடகை. வலப் பக்கத்தில் ஐந்தாறு வரிகளே இருந்தன. கையில் உள்ளது, ஊரில் அண்ணனிடம் உள்ளது, மாடு விற்றால் வரக்கூடியது. கடைசி வரியில் 12,000 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். "இது தீதி கிட்ட இருக்கிறது" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரியில இன்னும் ரெண்டு மாசம் சொல்றாங்க. ஊர்ல இருந்து பணம் வர லேட். இதுல கட் பண்ணுங்க தீதி" என்றாள்.

வழக்கமான பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் தடுத்தது அந்த வட்டம்தான். அப்பாவின் நோட்டில் இதே பணம் வரவுப் பத்தியில் இருந்திருக்கும். இவள் நோட்டில் கையிருப்பில் இருக்கிறது. ஒரே 12,000 இரண்டு நோட்டில் இரண்டு பேருக்குச் சொந்தமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டில் எது சரியான கணக்கு என்று ஒரு கணக்கரைக் கேட்டால், தயங்காமல் அவளுடையதுதான் என்பார். திருப்பித் தர வேண்டிய பணம் வருமானமாகாது. வருமான வரிக் கணக்கிலும் அப்படித்தான்: திரும்பத் தர வேண்டிய அட்வான்ஸுக்கு வரி கிடையாது; அதை வாடகையில் கழிக்கிற மாதத்தில்தான் அது வாடகை வருமானமாகிறது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்: இந்தப் பணத்தை வைத்து எதற்குப் பாதுகாப்புத் தேடுகிறேன்? மின்கட்டண பாக்கி அதிகம் போனால் ஆயிரம். அடுப்போ மின்விசிறியோ பழுதானால் இன்னொரு ஆயிரம் இரண்டாயிரம். மீதியெல்லாம் வராத வாடகைக்கான ஈடு. ஆனால் வாடகை வராமல் போகப்போகிறது என்பதைத்தானே அவள் நோட்டைத் திறந்து வைத்து, நாள் தவறுவதற்கு முன்பே, என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? நான் மறுத்தால் அவளுடைய அண்ணன் ஊரில் யாரிடமாவது வட்டிக்கு வாங்கி அனுப்புவான். அவர்களுடைய 12,000 வட்டியில்லாமல் என்னிடம் தூங்கும். அதே நேரத்தில் அவர்கள் வேறொருவருடைய 6,000க்கு வட்டி கட்டுவார்கள். அட்வான்ஸ் எந்த ஆபத்துக்காக வாங்கப்பட்டதோ அந்த ஆபத்து வந்து நிற்கிற நாளில் அதைத் தொடக் கூடாது என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

அவளிடம் நான் சொன்னது இதுதான். ஒரு மாத வாடகையான 6,000 ரூபாயை இப்போது கழித்துக்கொள்ளலாம். மீதி 6,000 நீங்கள் கிளம்புகிற நாள் வரை அப்படியே இருக்கும். அது மின்சாரத்துக்கும் பொருட்களுக்கும் ஈடு. அதற்கு அடுத்த மாத வாடகை ஊரிலிருந்து வந்தாக வேண்டும்; வராது என்று தெரிந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். இதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவள் தன் நோட்டில் 12,000ஐ அடித்துவிட்டு 6,000 என்று எழுதி, அதையும் வட்டம் போட்டுவைத்தாள். அடுத்த மாத வாடகை முதல் வாரத்திலேயே போன் மூலம் என் கணக்குக்கு வந்துவிட்டது.

அவர்கள் கிளம்பிய அன்று எனக்கு இன்னொரு விஷயமும் புரிந்தது. காலி செய்து ஒரு மாதத்துக்குள் தந்தால் போதும் என்று சட்டம் சொன்னாலும், காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு மாதம் என்பது இல்லை என்பதற்குச் சமம். ஆட்டோ வருவதற்குள் கணக்கு முடிய வேண்டும். அன்று பிற்பகலே மேலே போய் சப் மீட்டரைப் படித்து, கட்டிலையும் அடுப்பையும் பார்த்து, மின்கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்துவிட்டேன். குழாய் ஒன்று திறக்க முடியாமல் இறுகியிருந்தது. தங்கள் கணக்கில் சேர்க்கச் சொன்னாள். நான் சேர்க்கவில்லை.

இப்போது செய்வது

மின்கட்டணத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அட்வான்ஸ் தகராறுகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கீழ் வீட்டுக்குத் தனி சர்வீஸ் இருப்பதால் அந்தச் சலுகை நேராக அவர்களுக்கே போகிறது. மேலே இரண்டு போர்ஷனுக்கும் ஒரே சர்வீஸ். உள்ளே சப் மீட்டர்கள். இப்படி இருக்கும் வீடுகளில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையை வைத்து வசூலிப்பது வழக்கம்; அப்படிச் செய்தால் இலவச 100 யூனிட்டின் பலன் வீட்டுக்காரரிடமே நின்றுவிடும். இன்னொரு பக்கம், இரண்டு குடும்பமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் பறிபோய், பில் ஏறிவிடும். வேலூரின் சித்திரை வைகாசி வெயிலில், ஒரு போர்ஷனில் ஏசி இருந்தாலே அது நடந்துவிடும். ஏசி இல்லாத மற்றவர் அதற்குப் பொறுப்பில்லாமலே பணம் கட்டுவார். ஆகவே மேல் போர்ஷன்களில் ஏசி வைப்பவருக்கு அந்தக் கூடுதல் முழுவதையும் சேர்ப்பது, மற்றபடி வந்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பது என்று எழுதிவைத்திருக்கிறேன். பில்லின் படத்தை இருவருக்கும் அனுப்பிவிடுவேன். இதன் பிறகு மின்சாரத்தை வைத்து ஒரு வார்த்தை வந்ததில்லை. தனி சர்வீஸ் வாங்குவதே சரியான தீர்வு. அதற்கான வேலையையும் தொடங்கியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களிடம் உள்ளூர்க் குடும்பமானால் மூன்று மாதம், நோயாளிக் குடும்பமானால் ஒரு மாதம் மட்டுமே அட்வான்ஸ் வாங்குகிறேன். அந்தப் பணம் வீட்டுச் செலவுக் கணக்கோடு கலப்பதில்லை. வங்கியில் தனியாக வைப்புத்தொகையில் கிடக்கிறது. உள்ளே வருகிற நாளில் சுவர், தரை, சுவிட்ச் பலகை, குழாய், கண்ணாடி எல்லாவற்றையும் அவர்கள் போனிலேயே படம் எடுக்கச் சொல்கிறேன். கிளம்புகிற நாளில் அவர்கள் படத்தை வைத்தே பேசலாம் என்பதால். சாதாரணத் தேய்மானத்துக்கு எதுவும் கழிப்பதில்லை. பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகை எடுப்பதை விட்டுவிட்டேன்.

கடினமாக இருந்தது கீழ் வீடுதான். 90,000 ரூபாய் அப்பா காலத்திலேயே கட்டடத்துக்குள் போய்விட்டது. புதியவரிடம் வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அந்தச் சங்கிலியில் கைக்காசைப் போட்டாக வேண்டும். மூன்று மாத வாடகையான 27,000 போக மீதி 63,000 ரூபாயை அவர்களுக்குத் திருப்பித் தருவது என்று முடிவு செய்து, மேல் போர்ஷன் வாடகையிலிருந்து தவணையாகக் கொடுத்துவருகிறேன். முதல் தவணையைக் கொடுத்தபோது, காலி செய்யச் சொல்கிறேனோ என்று அந்த வீட்டு அம்மா பயந்துவிட்டார். "ஏங்க்கா, நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமா?" என்று கேட்டார். அட்வான்ஸ் தானாகத் திரும்பி வருவது நம் ஊரில் அவ்வளவு அபூர்வம். விளக்கிச் சொன்ன பிறகு, முதலில் வந்த பணத்தில் வளையல் ஒன்றை மீட்டதாகச் சொன்னார்.

தம்பிக்கு இன்னும் உடன்பாடில்லை. அவனுடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதால் அதையும் எழுதுகிறேன். மொட்டை மாடியில் தட்டோடுகள் விரிசல் விட்டிருக்கின்றன. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையில் மேல் போர்ஷன் சுவரில் இறங்கிய ஓதம், ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் மறுபடி எட்டிப்பார்க்கிறது. தட்டோட்டைப் பெயர்த்துத் தளம் போட மேஸ்திரி 80,000 சொல்லியிருக்கிறார். "அட்வான்ஸையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு இதுக்கு எங்கே போவே?" என்கிறான். 2022இல் சொத்து வரியும் ஏறியது. வரியைக் கட்டியது போக, எஞ்சியதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல். அந்த 30 சதவீதத்தை வரிக் கணக்கில் மட்டும் கழித்துவிட்டு, கையில் வந்த பணத்தை முழுதாகச் செலவழித்துவிடுவதால்தான் நமக்கு மழைக்காலத்தில் அட்வான்ஸ் நினைவுக்கு வருகிறது. இப்போது வருகிற மொத்த வாடகையில் மாதம் 4,000 ரூபாயைத் தொடர் வைப்புத்தொகையில் போட்டுவருகிறேன். தளம் போடுவது வீட்டுக்காரரின் செலவு. வீட்டுக்காரரின் பணத்தில் நடக்க வேண்டும். இந்த ஐப்பசிக்குள் அந்தத் தொகை சேராது. ஆகவே இந்த ஆண்டு விரிசல்களை மட்டும் பூசி, தண்ணீர் தேங்கும் மூலையில் வாட்டத்தைச் சரிசெய்து, தளத்தை அடுத்த கோடையில் போடலாம் என்று மேஸ்திரியிடம் பேசியிருக்கிறேன். மழையில் மேல் சுவர் மறுபடியும் ஊறினால் அந்த மாதங்களுக்கு வாடகையில் 500 ரூபாய் குறைத்துக்கொள்வது என்று மேல் போர்ஷன்காரர்களோடு எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.